வெள்ளியும் வியாழனும் எல்லை தாண்டிய கதை: வானத்து ‘மர்ம ஒளி’ மீது எங்களுக்கு ஏன் சந்தேகம்?

லடாக்கில் பாங்காங் ஏரிக்குப் பக்கத்தில் தாக்குங் என்று ஓர் இடம். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை அந்தப் பகுதியில் காவல் நின்ற இந்திய ராணுவ வீரர்கள், அடையாளம் தெரியாத ஒளிகளை வானத்தில் பார்த்ததாக 329 முறை பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை அந்த ஒளிகள் சீனாவோடு எல்லையாக இருக்கும் மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகக் கணக்கு. சீனா அனுப்புகிற வேவு ட்ரோன்களோ என்று சந்தேகம். அதற்குக் காரணமும் இருந்தது. எல்லையில் பதற்றம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. 2013 ஏப்ரலில் தெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் கூடாரம் அடித்து மூன்று வாரம் உட்கார்ந்துகொண்டதும் இதையொட்டித்தான்.

ராணுவம் பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திடம் உதவி கேட்டது. நம் காவலூர் தொலைநோக்கியையும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிற அதே நிறுவனம்தான். லடாக்கில் ஹான்லேயிலும் அவர்களுக்கு ஓர் ஆய்வகம் உண்டு. அவர்கள் பார்க்க விரும்பியது எளிமையான விஷயம்: ஒளி எந்தத் திசையில் தெரிகிறது, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு. இந்த மூன்றும் கையில் கிடைத்ததும் விடை வந்துவிட்டது. ஒரு ஒளி வியாழன், இன்னொன்று வெள்ளி.

2013 ஜூலையில் செய்தி வெளியானபோது நாடே சிரித்தது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. பார்த்ததை நேரத்தோடு எழுதி வைத்து, தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, வந்த பதிலை ஏற்றுக்கொண்டார்கள். பறக்கும் தட்டு விவகாரங்களில் இந்த மூன்றும் ஒன்றாக நடப்பது மிக அபூர்வம்.

அந்த மாதங்களின் வானத்தை ஸ்டெல்லேரியம் போன்ற ஓர் இலவசச் செயலியில் போட்டுப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். 2012 ஆகஸ்டில் வெள்ளி விடியலுக்கு முன்னால் கிழக்கே சூரியனிலிருந்து அதிகபட்ச விலகலில் நின்றது. விடிவெள்ளியாக அது உச்சத்தில் இருந்த காலம். வியாழன் ரிஷப ராசியில், ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். ஆகஸ்டில் நள்ளிரவையொட்டி எழுந்த வியாழன், டிசம்பர் 3 வாக்கில் சூரியன் மறையும்போதே கிழக்கில் எழத் தொடங்கியது. அதாவது முன்னிரவில் ஒரு ‘ட்ரோன்’, பின்னிரவில் இன்னொரு ‘ட்ரோன்’. பிப்ரவரியில் வெள்ளி சூரிய ஒளிக்குள் போய் மறைந்தது.

அந்த இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கும் மேலே, காற்று மெல்லியது, வறண்டது. சென்னையில் வெள்ளி எழும்போது தூசியையும் புகையையும் கடந்து, மங்கலாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பிரகாசமாகும். லடாக்கில் அப்படி இல்லை. மலை முகட்டுக்குப் பின்னாலிருந்து முழுப் பிரகாசத்தோடு சட்டென்று வெளியே வரும். முகடு சீனப் பக்கம் இருந்தால், ‘அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விளக்கை ஏற்றி அனுப்பினார்கள்’ என்றுதான் தோன்றும். பிறகு பூமி சுழல்வதால் அது மெதுவாக மேலேறி மேற்கே நகரும். கிழக்கே சீனா, மேற்கே இந்தியா. எல்லை மீறல் என்பது அவ்வளவுதான்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்கூட்டி எழும். மாதத்துக்கு 2 மணி நேரம். வியாழன் போன்ற தொலைவுக் கோள்களும் கொஞ்சம் கூடக் குறைய இதை ஒட்டியே போகும். ஒரு மர்ம ஒளி போன மாதம் பத்து மணிக்கு வந்தது, இந்த மாதம் எட்டு மணிக்கே வந்துவிடுகிறது என்றால் அதை ஓட்டுபவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்க முடியாது.

மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, “நீங்க யுஎஃப்ஓ (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்) பார்த்திருக்கீங்களா?” பதில் சொல்வதற்கு முன்னால், எதைப் பார்த்தோம் என்று சொல்கிறோமோ, அதில் எவ்வளவு கண் பார்த்தது, எவ்வளவு மூளை சேர்த்தது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் அங்கே தொடங்குகிறது. சாட்சியின் நேர்மையை யாரும் சந்தேகப்படவில்லை.

கண்ணுக்குத் தெரியாத மூன்று எண்கள்

இருண்ட வானத்தில் ஒற்றை ஒளிப்புள்ளியைப் பார்த்தால் அதன் தூரம் தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணர்வது சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகிற சமாச்சாரம். அதற்கு அப்பால் நமக்குக் கிடைப்பது கோண அளவு மட்டும்தான். நிலா அரை டிகிரி அகலம். அதே அரை டிகிரியை 115 மீட்டர் தூரத்தில் இருக்கும் 1 மீட்டர் ட்ரோனும் நிரப்பும், பதினொன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் 100 மீட்டர் பொருளும் நிரப்பும். தூரம் தெரியாதவருக்கு அளவு தெரியாது. அளவும் தூரமும் தெரியாதவருக்கு வேகம் தெரியாது. ஆனால் சாட்சிகள் மூன்றையும் சொல்வார்கள்: “ஆயிரம் அடி உயரம், பஸ் அளவு, மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர்.” பொய் சொல்வதில்லை. மூளை ஒரு தூரத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறது, மற்ற இரண்டும் அதிலிருந்து வந்துவிடுகின்றன.

அதனால்தான் நாங்கள் வானத்தை விரலால் அளக்கிறோம். கையை நீட்டி மூடிய முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி, சுண்டு விரல் 1 டிகிரி. ‘தென்னை மர உயரத்தில்’ என்பது ஒன்றும் சொல்லாத தகவல். ‘தென்மேற்கில் இரண்டு முஷ்டி உயரத்தில்’ என்பது விலைமதிப்பற்ற தகவல்.

அப்புறம், அசையாத ஒளியே அசைவதாகத் தெரியும். சுற்றிலும் இருட்டு, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை என்றால், கண்ணின் நுண்ணிய அசைவுகளால் புள்ளி நகர்வதாக மூளை முடிவு கட்டிவிடும். ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹும்போல்ட் 1799-ல் நட்சத்திரங்கள் இப்படி ஆடுவதைக் கவனித்து, அவை உண்மையிலேயே அசைகின்றன என்று நினைத்தார். உலகம் சுற்றி அளந்தவருக்கே அந்த நிலைமை. 1930-களில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் இருட்டறையில் அசையாத ஒரு சிறு விளக்கைக் காட்டி, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஆட்களைக் கேட்டார். தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு எண். கூட்டமாக உட்கார வைத்துக் கேட்டபோது எண்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. ‘நாங்கள் பத்துப் பேரும் ஒரே மாதிரி பார்த்தோம்’ என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும். இதைத் தவிர்க்க வழி எளிது. சுவரோரம் அல்லது மின்கம்பத்தின் ஓரத்தில் ஒளியை வைத்துப் பார்த்தால் ஆட்டம் நின்றுவிடும்.

சிரியஸ் இன்னொரு வகை. இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம், அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது காற்றின் கலக்கத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறிப் பளிச்சிடும். அதைச் செல்பேசியில் பெரிதாக்கி வீடியோ எடுத்தால் கேமரா குவியம் கிடைக்காமல் திணறி, வட்டமான, துடிக்கிற, நிறம் மாறுகிற ‘கலம்’ ஒன்றைப் பதிவு செய்து கொடுக்கும். சமூக ஊடகத்தில் சுற்றும் வீடியோக்களில் இது ஒரு தனி ரகம்.

ஜன்னல் வைத்த ராக்கெட் துண்டு

1968 மார்ச் 3 இரவு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பலர் வானத்தில் ஒளிப்புள்ளிகள் வரிசையாகச் செல்வதைப் பார்த்தார்கள். அது சோவியத் ஒன்றியம் முந்தைய நாள் ஏவிய சோண்ட்-4 விண்கலத்தின் ராக்கெட் எச்சம். வளிமண்டலத்தில் நுழைந்து துண்டு துண்டாக எரிந்துகொண்டிருந்தது. பெரும்பாலோர் அதைத் தீத்துண்டுகளின் வரிசையாகவே விவரித்தார்கள். ஆனால் சிலர் எழுதியது வேறு. சுருட்டு வடிவக் கலம், பக்கவாட்டில் சதுர ஜன்னல்கள், உள்ளே விளக்கு வெளிச்சம், தகடுகளை ஆணியடித்து இணைத்த உடல்! ஒருவர் தம் நாய் மிரண்டு போனதையும் குறிப்பிட்டிருந்தார். மிகத் தாழ்வாகப் பறந்ததாகவும் எழுதினார்கள். உண்மையில் அது பல பத்து மைல் உயரத்தில் எரிந்தது.

இந்த நிகழ்வின் மதிப்பு என்னவென்றால், விடை நமக்கு முன்பே தெரியும். வழக்கமான யுஎஃப்ஓ வழக்கில் சாட்சியம் மட்டும் இருக்கும், பொருள் இருக்காது. இங்கே பொருள் என்ன என்பது உறுதி, சாட்சியங்களை அதனோடு வைத்து ஒப்பிடலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் தலைமையில் அமெரிக்க விமானப்படைக்காக நடந்த ஆய்வில் வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன் இதைத்தான் செய்தார். தனித்தனி ஒளிப்புள்ளிகள் வரிசையாகப் போகும்போது, அவற்றைச் சேர்த்து ஓர் இருண்ட உடலை மனம் வரைந்துவிடுகிறது. புள்ளிகள் அந்த உடலின் ஜன்னல்கள் ஆகிவிடுகின்றன. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை, சிலருக்கு நடக்கிறது. ஆனால் செய்தித்தாளுக்குப் போவது யாருடைய விவரிப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

1996 டிசம்பர் 11-ல் கனடாவின் யூகோன் பகுதியில் இதே மாதிரி. மைல் கணக்கில் நீண்ட ‘தாய்க்கலம்’ வானத்தைக் கடந்தது என்று பலர் சொன்னார்கள். பல ஆண்டுகள் அது யுஎஃப்ஓ வரலாற்றின் வலுவான வழக்குகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. 2012-ல் டெட் மோல்சான் என்ற கனடிய அமெச்சூர் செயற்கைக்கோள் நோக்கர் பழைய சுற்றுப்பாதைத் தரவுகளைத் தோண்டினார். காஸ்மோஸ் 2335 செயற்கைக்கோளை ஏவிய ரஷ்ய ராக்கெட்டின் ஒரு பாகம் அதே இரவு, அதே நேரம், அதே வழியாக வளிமண்டலத்தில் நுழைந்திருக்கிறது. பொழுதுபோக்காகச் செயற்கைக்கோள்களைத் துரத்துகிற ஒருவர், பதினாறு வருடத்துக் கதையை ஒரு கணக்கில் முடித்துவைத்தார்.

ஃபீனிக்ஸ் கதை இதைவிட எனக்கு நெருக்கமானது. 1997 மார்ச் 13 இரவு எட்டரை மணி வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் மேலே V வடிவில் விளக்குகள் சென்றன. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு ஒரு பிரம்மாண்டக் கலம் சத்தமில்லாமல் ஊர்ந்தது என்றார்கள் பலர். அந்த இரவு ஃபீனிக்ஸில் 21 வயது அமெச்சூர் ஒருவர் வீட்டுக்கு வெளியே 10 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்போடு நின்றிருந்தார். டாப்சோனியன் என்பது மோட்டார் இல்லாமல் கையால் தள்ளித் திருப்புகிற வகை. நகரும் பொருளைப் பின்தொடர இதுவே வசதி. 60 மடங்கு பெரிதாக்கி அவர் விளக்குகளைப் பார்த்தார். ஒவ்வொரு விளக்கும் இரண்டாகப் பிரிந்து, இறக்கைகளோடு விமானமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அம்மா என்ன என்று கேட்டதற்கு, விமானங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வேறு எதையோ பார்க்கப் போய்விட்டார்! அதுதான் எங்கள் ஆட்களின் குணம். விமானம் என்று தெரிந்ததும் சுவாரஸ்யம் போய்விடும்.

அவர் பிறகு எடுத்துச் சொன்னபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே இரவு பத்து மணி வாக்கில் தென்மேற்கில் வரிசையாகத் தெரிந்து ஒவ்வொன்றாக அணைந்த ஒளிகள்தான் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடின. அவை மேரிலாந்து மாநில வான் தேசியக் காவல் படையின் ஏ-10 விமானங்கள் பயிற்சிக் களத்தின் மேல் போட்ட பாராசூட் ஒளிக்குண்டுகள். எஸ்ட்ரெல்லா மலைக்குப் பின்னால் இறங்க இறங்க ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு வேறு நிகழ்வுகள் ஒரே கதையாக ஒட்டிக்கொண்டன. அன்றைய ஆளுநர் ஃபைஃப் சிமிங்டன் தம் அலுவலர் ஒருவருக்கு வேற்றுலகவாசி வேடம் போட்டுப் பத்திரிகையாளர் முன் நிறுத்திக் கேலி செய்தார். பத்து வருடம் கழித்து அவரே, ‘நானும் அன்று பார்த்தேன்’ என்று சொன்னார். கேலியால் ஒரு பிரச்சினையும் தீர்ந்ததில்லை என்பதற்கு அவரே சாட்சி.

சந்தேகவாதிகளும் சறுக்குவார்கள்

இதைச் சொல்லாமல் போனால் கட்டுரை ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். 1966 மார்ச்சில் மிச்சிகனில் சதுப்பு நிலத்தின் மேல் ஒளிகள் தெரிந்தபோது, விமானப்படையின் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் அவசரமாகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்து ‘சதுப்பு வாயுவாக இருக்கலாம்’ என்றார். ஊரே கொதித்தது. அந்த மாநிலத்துக்காரரான ஜெரால்ட் ஃபோர்ட் (பின்னால் அமெரிக்க அதிபர்) நாடாளுமன்ற விசாரணை கேட்டார். போதிய தகவல் இல்லாமல் விளக்கம் சொல்வதும், போதிய தகவல் இல்லாமல் வேற்றுலகம் என்று சொல்வதும் ஒரே தவறின் இரண்டு முகம்தான்.

ஜிம்மி கார்ட்டர் (இவரும் பின்னால் அமெரிக்க அதிபர்) கதையும் அப்படி. ஜார்ஜியா மாநிலம் லியரி என்ற ஊரில் லயன்ஸ் கிளப் கூட்டத்துக்கு வந்தபோது வானத்தில் நிறம் மாறும் ஒளி ஒன்றைப் பார்த்ததாக அவர் 1973-ல் படிவம் எழுதிக் கொடுத்தார். பார்த்தது 1969 அக்டோபர் என்று குறித்திருந்தார். ராபர்ட் ஷீஃபர் என்ற ஆய்வாளர் கிளப் ஆவணங்களைத் தேடி, அந்தக் கூட்டம் நடந்தது 1969 ஜனவரி 6 என்று கண்டுபிடித்தார். ஒன்பது மாதம் பிசகு! வானத்தில் ஒன்பது மாதம் என்றால் வேறு வானம். சரியான தேதியில் தேடியதும் மாலை மேற்கு வானில் வெள்ளி இருந்தது தெரிந்தது. பல ஆண்டுகள் அதுவே விடை என்று இருந்தது. பின்னால் இன்னொரு தகவல் வந்தது. அதே மாலை ஃபுளோரிடாவின் எக்லின் தளத்திலிருந்து மேல் வளிமண்டலத்தில் பேரியம் மேகம் பரப்பும் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டிருக்கிறது. நிறம் மாறியது, பெரிதானது, மறைந்தது என்று கார்ட்டர் சொன்னதற்கு அது வெள்ளியைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஷீஃபரும் அதை ஏற்றுக்கொண்டார். வெள்ளி என்ற விடையை அவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்த நாங்களும் கொஞ்சம் அசடு வழிந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்போது வானம் முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது. 2019 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே ராக்கெட்டில் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை அனுப்பியது. மறுநாளே நெதர்லாந்தில் வானத்தில் ரயில் ஓடுவதாக நூற்றுக்கும் மேற்பட்ட யுஎஃப்ஓ புகார்கள். நம் ஊரிலும் ஏவிய சில நாட்களுக்கு அந்த ஒளி வரிசை தெரியும். பிறகு அவை மேலே ஏறிப் பிரிந்துவிடும். செயற்கைக்கோள்கள் வானத்தின் நடுவிலேயே ‘திடீரென்று மறைவதும்’ பலரைக் கலங்கடிக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைகின்றன, அவ்வளவுதான். 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் சர்வதேச விண்வெளி நிலையம்கூடச் சில நாள் உச்சி வானத்தில் சிவந்து, மங்கி, காணாமல் போகும்.

ராக்கெட்டின் மேல் பாகம் சுழன்றுகொண்டே மிச்ச எரிபொருளை வெளியேற்றினால் வானத்தில் நீலச் சுருள் தெரியும். 2023 ஜனவரியில் ஹவாயில் சுபாரு தொலைநோக்கியின் கேமராவில் அப்படி ஒன்று பதிவானது. 2009 டிசம்பர் 9-ல் வடக்கு நார்வேயில் தெரிந்த மாபெரும் வெண்சுருள், கோளாறாகிப்போன ரஷ்ய புலவா ஏவுகணை. 2022 ஏப்ரல் 2-ல் மகாராஷ்டிரத்தின் மேல் தீப்பந்தங்கள் ஊர்ந்தன; சந்திரபூர் மாவட்டக் கிராமங்களில் பெரிய உலோக வளையமும் உருண்டைகளும் கிடந்தன. சீன லாங் மார்ச் ராக்கெட்டின் மிச்சம். அதே ஆண்டு டிசம்பர் 15-ல் ஒடிசா கடற்கரையிலிருந்து அக்னி-5 ஏவியபோது மேற்கு வங்கத்தில் ‘மர்ம ஒளி’ செய்தியானது. ஹைதராபாத்திலிருந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பும் ஆய்வு பலூன்கள் 30 கிலோமீட்டருக்கும் மேலே மிதக்கின்றன. கீழே இருட்டிய பிறகும் அங்கே வெயில் அடிக்கும். அதனால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு அசையாத வெள்ளை விளக்காகத் தெரியும்.

2024 டிசம்பரில் நியூ ஜெர்சியில் ‘மர்ம ட்ரோன்’ பீதி கிளம்பியபோது எஃப்பிஐக்கு 5,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்தன. மேற்கொண்டு விசாரிக்கத் தகுந்தவை என்று தேறியவை சுமார் 100. மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் தம் வீட்டின் மேல் டஜன் கணக்கில் ட்ரோன்கள் என்று வீடியோ போட்டார். பார்த்த வானியல் ஆர்வலர்கள் அதில் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை அடையாளம் காட்டினார்கள். நம் திருவாதிரை அதில்தான் இருக்கிறது. மார்கழி மாதம் திருவாதிரை தெரியாமல் வேறு என்ன தெரியும்?

அப்படியானால் வானியலாளர்கள் எதுவுமே பார்ப்பதில்லையா?

பார்க்கிறார்கள். புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டாம்பா, கான்சாஸ் பண்ணையில் தானே செய்த டெலஸ்கோப்போடு தொடங்கியவர். 1949 ஆகஸ்ட் 20 இரவு நியூ மெக்சிகோவில் தம் வீட்டு முற்றத்தில், மங்கலான செவ்வக ஒளிகள் சில ஒன்றாக வானத்தைக் கடப்பதைப் பார்த்தார். என்னவென்று அவருக்குப் புரியவில்லை. வளிமண்டல அடுக்கில் பட்ட தரை விளக்குகளின் பிரதிபலிப்பாக இருக்கலாம் என்று பின்னால் ஒரு விளக்கம் சொன்னார். உறுதி என்று சொல்லவில்லை. இந்த ஒரு சம்பவத்தை யுஎஃப்ஓ நம்பிக்கையாளர்கள் விடாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டட்டும். அவர் பார்த்தது உண்மை, அது என்ன என்பதற்கான தகவல் போதவில்லை என்பதும் உண்மை.

‘டெலஸ்கோப் வானத்தின் துளிப் பகுதியைத்தான் பார்க்கிறது, அதனால் உங்களுக்குத் தெரியாது’ என்ற எதிர்வாதம் நியாயமானது. 60 மடங்கில் தெரிவது நிலாவைப் போல இரண்டு மடங்கு அகலம்கூட இராது. ஆனால் டெலஸ்கோப்பைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தைவிட, கண் இருட்டுக்குப் பழகக் காத்திருப்பது, மேகம் விலகக் காத்திருப்பது, எரிகல் பொழிவுக்குப் பாயில் மல்லாந்து படுப்பது என்று வெறும் கண்ணால் வானத்தைப் பார்க்கும் நேரம்தான் எங்களுக்கு அதிகம்.

புதிதாக ஒன்றைக் கண்டால் மறைக்க வேண்டிய கட்டாயமும் எங்களுக்கு இல்லை, ஆசை முழுக்க எதிர்ப்பக்கம். 2009 ஜூலை 19-ல் ஆஸ்திரேலிய அமெச்சூர் ஆந்தனி வெஸ்லி வியாழனில் புதிதாக ஒரு கரும்புள்ளியைப் பார்த்தார். ஏதோ ஒன்று மோதிய தழும்பு. சில மணி நேரத்தில் நாசாவின் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துப் பூட்டுத் தொழிலாளி விக்டர் பூசோ புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க ஒரு விண்மீன் மண்டலத்தைப் படமெடுத்தார். ஒரு நட்சத்திரம் வெடிக்கிற முதல் வெளிச்சம் அதில் விழுந்தது. 2019 ஆகஸ்ட் 30-ல் கென்னாடி போரிசோவ் தானே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். கணக்குப் போட்டால் அதன் பாதை சூரியனைச் சுற்றுவதாக இல்லை; வேறு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து வந்து நம்மைக் கடந்து போகிற விருந்தாளி. அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் பொருளை அமெச்சூர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அது மங்கலாக இருந்தது, நியூட்டன் சொன்னபடி நகர்ந்தது, மாதக்கணக்கில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நின்றது.

மிஞ்சிய வழக்குகளைப் பற்றி. அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969-ல் மூடப்படும்வரை 12,618 புகார்களைப் பதிவு செய்தது. 701 அடையாளம் காணப்படாதவை. ‘பார்த்தீர்களா, 701!’ என்பது வாதம். நான் பார்க்கிற விதம் வேறு. கோப்பில் திசை, உயரம், நேரம் சரியாக இல்லாமல் போனால், பார்த்தது வெள்ளியாகவே இருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லை. விளக்கம் கிடைக்காதது பொருளின் குணம் இல்லை, கோப்பின் குணம்.

தகவல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘கோ ஃபாஸ்ட்’ என்ற அமெரிக்கக் கடற்படை வீடியோ உதாரணம். கடல் மட்டத்தை உரசிக்கொண்டு அசுர வேகத்தில் ஒரு பொருள் பறப்பதாகத்தான் அதில் தோன்றும். திரையிலேயே விமானத்தின் உயரம், கேமராவின் கோணம், பொருளின் தூரம் எல்லாம் எண்களாக இருக்கின்றன. நாசா அமைத்த குழு 2023 அறிக்கையில் அவற்றை வைத்துக் கணக்கிட்டது. பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில் இருந்தது, வேகம் மணிக்கு சுமார் 40 மைல். காற்றோடு மிதக்கிற எதுவும் அந்த வேகத்தில் போகலாம். ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் பக்கத்து மரம் பின்னோக்கிப் பாய்வது மாதிரி, வேகம் பார்த்தவருடையது. அது பலூனா பறவையா என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அசுர வேகம் மட்டும் காணாமல் போய்விட்டது.

எனக்கு எது போதுமான ஆதாரம் என்று கேட்டால், பதில் எரிகல் நோக்கர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உலகம் முழுக்க அமெச்சூர்கள் தங்கள் கூரைகளில் பொருத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் குளோபல் மீட்டியர் நெட்வொர்க் என்ற பெயரில் இரவு முழுக்க வானத்தைப் பதிவு செய்கின்றன. ஒரே எரிகல்லைப் பல கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்கள் பிடித்துவிட்டால் போதும். அது எந்த உயரத்தில் எரிந்தது, என்ன வேகத்தில் வந்தது, சூரியனை எந்தப் பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் முக்கோணக் கணக்கில் வந்துவிடும். ஒற்றைக் கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று எண்களும் இரண்டு கேமராவுக்குத் தெரியும். கேமரா நாமே வாங்கிப் பொருத்தும் விலையில்தான் இருக்கிறது, மென்பொருள் இலவசம். இருட்டான வானமும், தடையில்லா இணைய இணைப்பும், காக்காய் எச்சத்தை அவ்வப்போது துடைக்கப் பொறுமையும் இருந்தால் போதும்.